அவுட்பாக்ஸில் தேங்கிய மூன்று மெயில்

என்னங்க,

வடமதுரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஸ்கூலில் இன்றைக்குப் பரீட்சை. சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் மூடி வைத்திருக்கிறேன்.

"மெயில் போகமாட்டேங்குது"ன்னு கத்தினீர்களே, காரணம் தெரிந்துவிட்டது. ஐரின் நம்மைக் கேட்காமல் புனே வேலைக்குப் போன கோபத்தில், அவள் பெயராகவே இருந்த நம் மெயில் பாஸ்வேர்டை மாற்றினீர்கள். மெயில் வருகிற செட்டிங்கில் மட்டும்தான் மாற்றியிருக்கிறீர்கள். அனுப்புகிற சர்வர் செட்டிங்கில் இன்னும் அவள் பெயர்தான் கிடந்தது. காலண்டருக்குப் பின்னால் நீங்கள் எழுதியிருந்த புதியதை அங்கேயும் போட்டேன்.

போட்டதும், தேங்கிக் கிடந்த மூன்று மெயிலும் தானாகவே போய்விட்டன. நம் கடை வியாபார மெயில் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் மூன்றும் ஐரினுக்கு. "பெத்த மகளுக்கு ஒரு வரி எழுத மாட்டீங்களா"ன்னு பத்து நாளாக உங்களைக் கரித்துக் கொட்டினேனே. தப்புதான்.

ஆனால் முதல் இரண்டும் வெறும் திட்டு. மூன்றாவதில்தான் "ஒரு நடை வந்துட்டுப் போ பாப்பா" என்று இருக்கிறது.

அமலராணி

சாவி மீட்டர் பெட்டிமேல்.

அவள் எதை முதலில் திறப்பாளோ, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாடு அப்புறம். போனை எடுத்து மூன்றாவதை உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.