அம்புக்குறி இருந்த பக்கம்

அன்புள்ள ஹம்சாவுக்கு,

டில்லி முனிர்காவிலிருந்து உமாமகேஸ்வரி எழுதுவது. நான் நலம். ஜெர்மனிக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே குழாயில் அரை மணிதான் தண்ணீர். நம் அறையில் உன் கட்டிலுக்கு மதுரைப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள், ஓயாமல் போனில் பேசுகிறாள்.

பனியில் சிவப்புக் கோட்டோடு நீ நிற்கும் போட்டோ பார்த்தேன். வயிறு எரிந்தது, ஹம்சா. ஒரே உதவித்தொகைக்கு இரண்டு பேரும் எழுதிப்போட்டோம், உனக்குக் கிடைத்தது. எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.

வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் வாசிக்கப்போகும் கட்டுரையைச் சரிபார்க்கச் சொன்னாய். பிரமாதம், ஒரு பிழையும் இல்லை என்று எழுதினேன். பொய். பதினோராம் பக்கத்தில் பெரிய பிழை இருக்கிறது, அதுவும் என்னால் வந்தது.

x = x + 1 என்று கணக்கு நோட்டில் எழுதினால் தப்பு. கணினிக்கோ அது கட்டளை: ஒன்றைக் கூட்டி அதே இடத்தில் வை. கணக்கின் சமக்குறி எப்படிக் கட்டளையானது என்பதற்குச் சாட்சியாக, அறுபதுகளில் ஒரு டில்லிப் பேராசிரியர் எழுதிய வகுப்பு நோட்டைக் காட்டுகிறாய். யோசனையே இல்லாமல் அவரும் சமக்குறி போட்டார் என்கிறாய்.

அவர் போட்டது அம்புக்குறி, x ← x + 1 என்று! நீ ஊருக்குப் போயிருந்த வாரம் நான்தானே அந்த நோட்டின் நகலை டைப் அடிக்கக் கொண்டுபோனேன்? கீபோர்டில் அம்புக்குறி அடிக்க வராது என்றார் கடைக்காரர். எனக்கு அகோரப் பசி. சமக்குறியே போடுங்க அண்ணா, போதும் என்றேன். நான் ஒப்பிட்டிருப்பேன் என்று நம்பி, நீ மூலத்தைத் திறக்கவேயில்லை.

இன்று நூலகத்துக்குப் போய் மூல நோட்டைப் பார்த்தேன். ஓரத்தில் அவரே குறித்திருக்கிறார்: அட்டையில் துளை போடும் மெஷினில் அம்பு கிடையாது, ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழிக்குச் சமக்குறிதான், மாணவர்கள் குழம்பக் கூடாதென்றே நோட்டில் அம்பு போடுகிறேன் என்று. இதைச் சேர்த்தால் உன் கட்டுரை இன்னும் நன்றாகிவிடும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிழை தெரிந்தே நான்கு நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நீ மேடையில் திணறுவதை நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். நாசமாய்ப்போன புத்தி.

பக்கத்தின் போட்டோவை இணைத்திருக்கிறேன். கட்டாயம் மாற்றிவிடு. நீ நன்றாக வாசிக்க வேண்டும், எல்லோரும் கைதட்ட வேண்டும். நன்றி சொல்லும் பட்டியலில் என் பெயர் வேண்டாம். ஆனால் போட்டோவின் ஓரத்தில், தாளை அழுத்திப் பிடித்திருக்கும் கட்டைவிரல் என்னுடையது. அதை மட்டும் வெட்டிவிடாதே.

உன்
உமா