பறிச்சு வைங்க

செவ்வாய்
விடியும்போதே சாரல். மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். பெயின்ட் வாளியில் புதினா வெளியே தொங்குகிறது. மல்லியிலை இன்னும் பிஞ்சு. கூரியர் பைக் எடுக்கும் முன் கொஞ்சம் நுனியை நகத்தால் நுள்ளி அம்மாவிடம் கொடுத்தாச்சு. நுள்ளின இடத்தில் ரெண்டு கிளை வெடிக்கும். காலேஜை விட்டபிறகு உருப்படியாகக் கற்றது இதுதான்.

வியாழன்
கருங்கல் ஊர்ப் பக்கம் முழுக்க டெலிவரி. நனைந்து வந்தேன். சாப்பிடும்போது அம்மா: "ஞாயிறு சபையில அறுப்பின் பண்டிகை. உனக்க புதினாவ ஏலத்துக்கு வைப்போம் மக்கா."
அப்பா சோற்றைப் பார்த்து: "இதையாவது பாதியில போடாம இருந்தா சரி."
காலேஜை விட்டதிலிருந்து என்னிடம் நேராகப் பேச்சில்லை. எல்லாம் சோற்றிடம்தான்.
ஞாயிறு சர்ச்சில் விளைச்சலை ஏலம் விடும் மேசையில் என் புதினா இருக்கும். இருந்தே ஆகணும்.

சனி
பார்சல் குவியல். இருட்டும் முன் வீடு சேர முடியாது. அம்மாவுக்குப் போன் போட்டால் எடுத்தது அப்பா. வேறு வழியில்லை.
"அப்பா, புதினாவ பறிச்சு வைங்க. நாளைக்கு சபைக்கு."
"ம்."
வந்து மாடி ஏறினால் வாளி காலி. மொத்தமும் வேரோடு, மண் தட்டி, வரிசையாகத் தரையில்! அப்பா மரச்சீனிக் கிழங்கு பயிர் போடுகிறவர். அவருக்குப் பறிப்பது என்றால் மூட்டோடு, வேரும் சேர்த்து இழுப்பது.
"என்னப்பா இது?"
"நீதானே பறிக்கச் சொன்ன?"
"நுனிய நுள்ளத்தான் சொன்னேன்!"
"கிழங்கு பறிக்கச் சொன்னா நுள்ளிட்டா வருவாவ? நுள்ளணும்னா நுள்ளுன்னு சொல்லணும்லே!"
சவம். சொன்ன வார்த்தை என்னுடையது. வேரைத் தண்ணீரில் போட்டு வைத்தேன். ஒரு வேர்கூட அறுந்திருக்கவில்லை. பிறகுதான் உறைத்தது, அப்பா கத்தியது சோற்றிடம் இல்லை.

ஞாயிறு
வெயில். சபையில் வாழைக்குலை, தேங்காய், சேனை, கால் கட்டிய சேவல். நடுவில் என் புதினா, தூக்குவாளியில், வேரோடு. ஏலம் விடும் அண்ணன் தூக்கிக் காட்டினார்: "இது சட்னிக்கா, நடுகதுக்கா?" ஒரே சிரிப்பு. எனக்குக் காது சூடு.
பின்வரிசையில் ஒரு குரல்: "நடுகதுக்குத்தான்."
அப்பா. ஒருத்தர் ஏற்றிக் கேட்டார். அப்பா விடவில்லை.
அம்மா: "நம்ம சாமான நாமளே ஏலம் பிடிக்கவா? தலைக்கு வட்டா உங்களுக்கு?"

திங்கள்
சாரல். மாடி ஏறினால் எனக்கு முன்னாலேயே அப்பா நட்டு முடித்துவிட்டார். மரச்சீனிக்கு விடுகிற மாதிரி அகல இடைவெளி. வாளிக்கு ஒரே ஒரு மூடு செடி. மிச்சத்துக்கு எண்ணெய் டின், உடைந்த குடம், கையில் கிடைத்த பாத்திரமெல்லாம்.
கீழே அம்மா குக்கரைத் தேடுகிறாள்.