பெட்டி மேல் போட்ட துணி

அன்புள்ள அக்கா,

முதலாளியின் மேசைக்கடியில் பிரிக்காத லேப்டாப் பெட்டி ஒன்று இருந்தது. மேலே துணி போட்டு மூடியிருந்தார்; ஓரம் விலகியிருந்ததால் இன்று என் கண்ணில் பட்டது. "அவசரப்படாதம்மா, புது மாடல் வரப்போகுது, இப்ப வாங்கினா ஏமாந்துடுவே" என்று ஒரு மாதமாக என்னைத் தடுக்கிறவர் அவர்தான்.

ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் முழுக்க நான்தான் என்பது உனக்குத் தெரியும். கடையில் டைப் பண்ணக் கொடுக்க வரும் டியூஷன் டீச்சர் போன மாதம், "சொந்தமா ஒரு லேப்டாப் வாங்கிக்கோ, கொஸ்டின் பேப்பர் எல்லாம் நேரா உனக்கே தர்றேன்" என்றார். அப்போது முதலாளி பக்கத்தில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தார். புது மாடல் பேச்சு மறுநாள்தான் ஆரம்பித்தது. படிப்பை விட்டவளுக்கு என்ன தெரியும் என்று நானும் நம்பினேன்.

இந்தத் திங்கட்கிழமைக்குள் வாங்காவிட்டால் டீச்சர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம்.

இன்று எப்படியோ வாயைத் திறந்தேன்.

"அண்ணா, நீங்க மட்டும் வாங்கிட்டீங்களே?"

"அது பழைய மாடல்ம்மா. உனக்கு நல்லதா வரட்டுமேன்னு பாக்கறேன்."

பழைய மாடல் அவருக்கு ஆகும், எனக்கு ஆகாதாம். வழக்கம்போல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வேலை முடிந்ததும் எதிர்த்தெரு லேப்டாப் கடைக்குப் போய், இருக்கிற மாடலையே எடுக்கச் சொன்னேன்.

உன் தங்கை