நாங்கள் தின்ற ஈரல்

என் உயிரான அக்காவுக்கு,

ஏரிக்கரையில் உன் அருவாமனை இன்னும் என் பக்கத்திலேயேதான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒருத்தியாக மீன் ஆய்ந்து மாளவில்லை.

போன வாரம் ஓர் ஆள் ஜிலேபி மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா வெளுத்துக் கெடக்குது? பழைய மீனைத் தள்ளி வுடறியா?" என்று கத்தினார். துள்ளுகிற மீன் அக்கா! நம் ஏரி மீனுக்கு உயிர் இருக்கும்போதே செவுள் வெளுத்துவிடுகிறது. வயிற்றைக் கீறினால் ஈரல் கறுத்து, விரல் பட்டாலே குழைகிறது. மேட்டில் முலாம் பூசும் பட்டறைக்காரன் கழிவுத் தண்ணீரை ஏரிக்குள் விடுகிறான், அவனைக் கேட்க நாதியில்லை. மீன் ஆய்கிறவள் திருடியாம்!

தருமபுரி ஆபீஸில் மனு கொடுத்தேன். மீனைச் சோதனைக்கு எடுத்துப்போன அதிகாரி நேற்று வந்தார். "ஏம்மா பயப்படறீங்க? சதையில கம்மியாத்தான் இருக்குது. ஈயமும் காட்மியமும் ஈரல்லயும் கிட்னியிலயும்தான் சேர்ந்திருக்குது. அதையெல்லாம் யாரு திங்கப் போறாங்க?" என்றார்.

யாரா? சதை வாங்குகிறவர்களுக்கு, ஈரலும் சினையும் ஆய்கிறவர்களுக்கு. இத்தனை வருசமாக நாம் வூட்டுக்கு எடுத்துப் போனது அதைத்தானே?

நீ படுக்கையில் விழுந்தபோது, "ரத்தம் ஊறும், தின்னுக்கா" என்று பொறுக்கிச் சேர்த்து, மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தவள் நான். "எல்லாத்தையும் எனக்கே போடாதடி, புள்ளைக்கு வெச்சியா?" என்று கேட்டாய். வைத்தேன் அக்கா.

உன் கிட்னி சுருங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சுகர் இல்லை, பிரஷர் இல்லை. அந்த ஈரல்தான் உன்னைக் கொண்டுபோனதா? எனக்குத் தெரியாது. மீனின் கிட்னியை அறுத்துப் பார்க்க ஆபீஸ் இருக்கிறது. நீ என்ன தின்றாய் என்று கேட்க ஒரு ஈ காக்கா வரவில்லையே!

ஈரல் வேண்டாம் என்றால் உன் செல்ல மகள் அழுகிறாள். என் வயிற்றில் பிறந்தாலும் அவள் உன் மகள்தானே? "பெரிம்மா இருந்தா குடுத்திருக்கும்" என்கிறாள்.

திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு தருமபுரிக்குப் போகிறேன். அன்றைக்குப் பிடித்த மீனின் ஈரலை அந்த அதிகாரியின் மேசைமேல் வைப்பேன். "இதத் திங்கறவங்க நாங்கதாங்க. மொதல்ல இவ ரத்தத்தைச் சோதிச்சுப் பாருங்க" என்பேன். பார்க்கிறவரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன். உன்மேல் சத்தியம்.

அந்த ஈரலை உன் தட்டில் வைத்த,
உன் தங்கச்சி