மீதி மூன்று பேருக்கு ஒரு மேசை

அன்பு மகள் உஷாராணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. கிள்ளானில் எல்லாரும் சுகம், என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு நடக்கிறது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை லோகனும் தாமரைக் குட்டியும் சுகமாக இருக்க பத்துமலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். அங்கே குளிர் என்று கேள்விப்பட்டேன், பிள்ளைக்குக் காலுறை போடு. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அண்ணன் சிவநேசன் ஹாலில் உட்கார்ந்து டிவி சத்தத்தைக் குறைக்கிறான், போனை வைத்ததும் கூட்டுகிறான். நீ சொல்லாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டு போன நாளிலிருந்து உன் பேரைச் சொல்லாதவன், உன் குரலை மட்டும் கேட்டுக்கொள்கிறான்.

முதலில் விஷ்ணுப்ரியா சேதி. உன் அண்ணனின் கடைக்குட்டி இப்போது நாலாம் ஆண்டு, கணக்கில் புலி, என் பக்கத்து ரத்தம். போன மாதம் ஒரு கணக்குக்கு டீச்சர் தப்புப் போட்டுவிட்டார். ஐம்பது பிள்ளைகள் பத்துமலைக்குப் போகிறார்கள், ஒரு வேனில் பன்னிரண்டு பேர், எத்தனை வேன் வேண்டும். பிள்ளை நான்கு, மீதி இரண்டு என்று எழுதியிருக்கிறாள். நான் காப்பார் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் நாலு பன்னிரண்டு நாற்பத்தெட்டு என்பது எனக்குத் தெரியும். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். லோகேஸ்வரி டீச்சர் சின்ன வயசு, மரியாதையான பெண். வகுத்தது சரி பாட்டி, கேட்டது எத்தனை வேன்னு, அந்த மீதி ரெண்டு பிள்ளைங்க எப்படிப் போவாங்க என்றார். மடியில உக்காந்து போவாங்க, நாங்க எல்லாம் அப்படித்தான் போனோம் என்றேன். அவர், போலீஸ் பிடிச்சா வேன்கார அண்ணன் பேரச் சொல்லவா, உங்க பேரச் சொல்லவா என்று கேட்டார். நான் சேலைத் தலைப்பைச் சரிபண்ணிக்கொண்டேன்.

அப்புறம் உட்காரவைத்துச் சூடாக மைலோ கலந்து கொடுத்துச் சொன்னார். எல்லா மீதியும் ஒரே மீதி இல்லையாம். பதினோரு மீட்டர் துணி, பாவாடைக்கு மூன்று மீட்டர் என்றால் மூன்று பாவாடைதான், மீதி இரண்டு மீட்டரை மறந்துவிட வேண்டும், அதைக் கொண்டுபோய் நாலாவது பாவாடை தை என்றால் தையல்காரி நம்மைத்தான் பார்ப்பாள். பதினேழு அதிரசத்தை மூன்று பேருக்குச் சமமாகக் கொடுத்தபின் டப்பாவில் எத்தனை என்று கேட்டால் அந்த மீதி இரண்டுதான் விடை. அதை யார் சாப்பிடுவது என்று கேள்வியில் இல்லை, நம் வீட்டில் நான்தான். ஆனால் மீதி என்பது ஆளாக இருந்தால் விடவும் முடியாது, வெட்டவும் முடியாது, இன்னொரு வேன் பிடிக்கத்தான் வேண்டும். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மைலோ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனி விமலன் கல்யாண விருந்து. உன் அண்ணன் தன் மூத்த மகனுக்காக ஆறு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறான். மண்டபத்தில் மேசைக்குப் பத்துப் பேர், இருநூற்று நாற்பது பேர், இருபத்து நாலு மேசை, ஒரு நாற்காலி மிஞ்சாது என்று அவனுக்குப் பெருமை. அந்தக் கணக்கில் நீங்கள் மூவரும் இல்லை. கேட்டேன். வந்தா வரட்டும்லா, எங்கயாச்சும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சொருகிடலாம், மூணு பேருக்கு ஒரு மேசை எடுத்தா ஏழு நாற்காலி காலியா கெடக்கும், பாக்க அசிங்கம் என்றான். நீயும் அன்றைக்குப் போனில் அதையேதான் சொன்னாய், எங்களுக்காக எதுவும் வேண்டாம்மா, ஒரு ஓரமா நின்னுக்கிறோம் என்று. அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளாமலே எப்படி ஒரே தப்பைப் போடுகிறீர்கள் என்று தெரியவில்லை. உங்கள் அப்பா பக்கத்து ரத்தம்.

நான் சண்டை போடவில்லை. ராத்திரி சாப்பாட்டில் விஷ்ணுப்ரியாவிடம், இருநூத்து நாப்பத்து மூணு பேரு, மேசைக்குப் பத்துப் பேரு, எத்தனை மேசை என்று கேட்டேன். அவள் அப்பளத்தைக் கடித்துக்கொண்டே, இருவத்தஞ்சு பாட்டி, மீதி மூணுன்னு எழுதினா மார்க் போயிடும் என்றாள். உன் அண்ணன் தட்டை என் பக்கம் நீட்டினான். ரசம் மட்டும் இன்னொரு தடவை கேட்டான், அவனுக்கு ரசம் பிடிக்காது.

மறுநாள் மண்டபத்துக்குப் போன் போட்டான், நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்தாவது மேசையைக் கடைசியில் சமையல் கதவு ஓரமாகப் போடுவதாக அவர்கள் சொன்னார்கள் போல. அங்க வேணாம் பாஸ், அந்த மேசையில சின்னப் பிள்ளை இருக்கு, புகை வரும், முன்னால போடுங்க என்றான். சின்னப் பிள்ளை என்றுதான் சொன்னான், பெயர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, வெங்காயம் நிறைய இருந்தது.

அந்த ஏழு நாற்காலியைப் பற்றிக் கவலைப்படாதே. ஒன்றில் நான். காப்பார் அஞ்சம்மாள் சித்தி தன் ஆட்களோடு அங்கேதான் உட்காருவேன் என்கிறாள். இதனால் மற்ற மேசைகளில் ஓட்டை விழும், அதை உன் அண்ணன் வகுத்துப் பார்க்கட்டும்.

மூன்று பேரும் தீர்க்காயுசாக, குறை ஒன்றும் இல்லாமல் இருங்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்ததும் டிக்கெட் போட்டுவிடு. தாமரைக்குப் பாவாடை இங்கேயே தைக்கிறேன், இடுப்பு அளவு அனுப்பு.

உங்களுக்கு நாற்காலி பிடித்து வைத்திருக்கும்
அம்மா
சீதாலெட்சுமி