இரண்டு கையும் மேசை மேல்

நாள் 203 | 08:00
வியாழனின் நிலா கலிஸ்டோ, பனித்துளை நிலையம். ஆள்: ஒருத்தி. பெயர் பெல்சியா, சொந்த ஊர் முட்டம். துளையின் ஆழம் 1,912 மீட்டர். வெளியே மைனஸ் 139. அடுத்த ஆளை ஏற்றிக்கொண்டு கப்பல் வந்துகொண்டிருக்கிறது, இன்னும் 130 நாள். வாராந்திர உடல்நலப் படிவம் அனுப்பியாயிற்று. "புதுக் காயம் உண்டா?" "இல்லை."

நாள் 203 | 16:20
காலையில் எழுதியது பொய். இந்தக் குறிப்பேடு பூமியிலுள்ள தளத்துக்குப் போகாது, அதனால் இங்கே சொல்கிறேன். பதினேழு வயதிலிருந்து, உள்ளே இரைச்சல் தாங்க முடியாமல் போகும்போது என்னை நானே காயப்படுத்திக்கொள்கிறேன். படிவத்தில் "ஆம்" என்று எழுதினால் வெளிவேலை நிற்கும், பிறகு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டே வியாழன் வரை வந்துவிட்டேன்.

இது தெரிந்தவர் ஒருவர்தான். நாச்சம்மை அக்கா, பூமியிலிருக்கும் மனநல ஆலோசகர். செய்தி போக 44 நிமிடம், பதில் வர 44. அதையே மருந்தாக்கிவிட்டார். முதல் நாள் சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன்: "அந்த எண்ணம் வந்துச்சுன்னா எனக்கு எழுது ஆத்தா. எழுதிட்டு ரெண்டு கையையும் மேசை மேல வை. எம்பதிலு வர்ற வரைக்கும் எடுக்காத. அலை மாதிரி ஏறும், இறங்கவும் செய்யும்."

ஐந்து மாதத்தில் நாற்பது தடவை எழுதியிருப்பேன். பெரும்பாலும் பதில் வருமுன்பே அலை இறங்கிவிடும். "படிவத்துல நீயே ஆம்னு எழுது, மருந்தும் மருத்துவரும் வருவாக, தண்டனை வராது" என்றும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். நான்தான் கேட்கவில்லை.

நாள் 204 | 11:05
கதிர்ப்புயல். அனுப்பும் கருவி செத்துவிட்டது. கோபுரத்தின் உச்சியில் ஒரு பலகை கருகியிருக்கிறது. வாங்கும் கருவி நன்றாக இருக்கிறது. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும், நான் பேசுவது யாருக்கும் கேட்காது. மாற்றுப் பலகை கைவசம் உண்டு. வெளியே போய் மாட்ட அரைமணி வேலை. புயல் அடங்கட்டும்.

நாள் 205 | 14:40
எழுத ஆள் இல்லை என்றதும் பயந்துவிட்டேன். அலை ஏறியது, இறங்கவில்லை. காயப்படுத்திக்கொண்டேன். கழுவி மருந்திட்டுக் கட்டியாயிற்று. வெட்கமாக இருக்கிறது.

நாள் 207 | 09:30
புயல் ஓய்ந்தது. விண்ணுடுப்பைப் போட்டேன். கைப்பகுதிக்குள் இருக்கும் உணரி தோலைப் பார்த்துவிட்டுப் பூட்டிக்கொண்டது: "ஆறாத காயம். வெளியேற அனுமதி இல்லை." வெளியே போனால் உடுப்பின் குறைந்த அழுத்தத்தில் காயம் திறந்துகொள்ளும். விதி சரியான விதிதான். படிவத்தை ஏமாற்றலாம், உடுப்பை ஏமாற்ற முடியாது.

நாள் 207 | 13:15
தளத்திலிருந்து: "கலிஸ்டோ, மூன்று நாளாகப் பதில் இல்லை. விதிப்படி இருபத்தொரு நாள் பார்ப்போம். நாள் 225, மாலை 18:00 வரை எதுவும் வராவிட்டால் ஆள் இல்லை என்று முடிவு செய்து கப்பலைத் திருப்புவோம்."

அடுத்த கப்பல் இரண்டு வருடம் கழித்து. சாப்பாடு இருநூறு நாளுக்கு. தோல் மூட எட்டு ஒன்பது நாள் ஆகும். அதுவரை என் கையை நான் தொடக் கூடாது. இவ்வளவுதான் கணக்கு. என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

நாள் 208 | 10:00
கைக்கு எட்டக் கூடாத சாமான்களையெல்லாம் தகரப் பெட்டியில் பூட்டினேன். சாவியை உள்ளிருக்கும் குழாய் வழியாகத் துளைக்குள் போட்டேன். 1,912 மீட்டர். வேணுமென்றால் போய் எடுத்துக்கொள் பெல்சியா.

நாள் 210 | 16:00
தினமும் இதே நேரத்துக்கு அக்காவின் குரல் வருகிறது. "நாச்சம்மை பேசுறேன். நீ கேக்குறியான்னு தெரியாது. கேக்குறன்னு வச்சுக்கிட்டுப் பேசுறேன். இன்னைக்கு ஆடிப் பதினெட்டு, சித்ரான்னம் கிண்டுனேன். புளியோதரையில உப்பு கூடிப்போச்சு." அழுதேன். உப்பு கூடியதற்கெல்லாம் அழுகிற நிலைக்கு வந்தாயிற்று.

நாள் 213 | 12:10
இன்று தளம் என் அம்மாவைப் பேச வைத்தது. "மோளே, நீ ஒண்ணும் பேசாம இருக்காதே மக்கா." அவ்வளவுதான் பேச முடிந்தது அவளால்.

நாள் 213 | 15:50
சறுக்கிவிட்டேன். பெட்டியைத் திறக்காமலே. மனசு வைத்தால் வழியா கிடைக்காது. சாண் ஏற முழம் சறுக்குகிறது. எட்டு நாள் வீண். திரும்ப எண்ணினால் 222 அல்லது அதற்கும் மேல். நான் எதற்கும் லாயக்கில்லை.

நாள் 213 | 16:00
அக்கா: "ஒருவேளை சறுக்கியிருந்தா உன்னையத் திட்டாத. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எழுது. தாங்குன நாளு தாங்குனதுதான், அது எங்கயும் போகாது."

அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. நாற்பது பேருக்கு இதையே சொல்லியிருப்பார். இருந்தாலும் எழுதுகிறேன். முன்னால் நடந்தது: அம்மாவின் குரல். நான் செத்துவிட்டதாக நினைத்து அவள் அழுவதை நிறுத்த முடியவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. எழுதிய பிறகு இரைச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நாள் 217 | 11:30
செத்த கருவியில் அக்காவுக்கு எழுதினேன். போகாது என்று தெரிந்தே அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். இரண்டு கையும் மேசை மேல். 88 நிமிடம். பதில் வரவில்லை, வரவும் வராது. 60ஆவது நிமிடத்தில் அலை இறங்கியது. இந்த நான்கு நாளில் ஏழு தடவை இப்படி.

நாள் 222 | 09:00
உடுப்பு: அனுமதி இல்லை.

நாள் 223 | 09:00
அனுமதி இல்லை. கை சுத்தமாகத்தான் இருக்கிறது, ஒரு ஓரம் மட்டும் மூட மறுக்கிறது. என் தோலே, கொஞ்சம் தயவு பண்ணு.

நாள் 224 | 09:00, 13:00, 18:00
இல்லை. இல்லை. இல்லை.
தூங்கவில்லை. தளம் பேசுவதைக் குறைத்துவிட்டது. அக்கா மட்டும் வந்தார். "நாளைக்கும் பேசுவேன். கப்பலு திரும்புனாலும் பேசுவேன்."

நாள் 225 | 15:40
அனுமதி.

நாள் 225 | 17:04
பலகை மாட்டியாயிற்று. தடித்த கையுறையிலிருந்து ஒரு திருகு நழுவிப் பனியில் விழுந்துவிட்டது, தேட நேரமில்லை. மூன்றே திருகில் நிற்கிறது. விளக்கு பச்சை.

நாள் 225 | 17:07
உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி போதும். ஆனால் முதலில் படிவத்தைத்தான் திறந்தேன். "புதுக் காயம் உண்டா?" "ஆம். நானே செய்தது. பதினேழு வயதிலிருந்து. உதவி வேண்டும். கப்பலைத் திருப்பாதீர்கள்." அனுப்பினேன். 17:51க்குப் போய்ச் சேரும். ஒன்பது நிமிடம் மிச்சம். பதில் 18:35க்கு.

நாள் 225 | 18:10
அங்கே நேரம் முடிந்து பத்து நிமிடம். திருப்பியிருந்தால் திருப்பியாயிற்று. அலை ஏறுகிறது. இவ்வளவு பெரிதாக இதுவரை ஏறியதில்லை.

நாள் 225 | 18:35
ஒன்றும் இல்லை.

நாள் 225 | 18:41
ஒன்றும் இல்லை. யாரையாவது கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். படித்து நம்ப வேண்டும். மூன்று திருகுதான், பலகை தளர்ந்திருக்குமோ.

நாள் 225 | 18:58
பச்சை விளக்கு மஞ்சளாகிவிட்டது, பலகையின் தொடர்பு தளர்கிறது. போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை. இதைக் கண்டெடுப்பவர் யாராயிருந்தாலும் நாச்சம்மை அக்காவிடம் சொல்லுங்கள், ஆம் என்று எழுதிவிட்டேன்.

நாள் 225 | 19:20
வரவில்லை. குரலில் சொல்லிக் குறிப்பெடுக்கிறேன், தட்டச்சு செய்யக் கை எடுக்க வேண்டும்.
இரண்டும் மேசை மேல்தான் இருக்கின்றன.

நாள் 225 | 19:21
மேசை மேல்.

நாள் 225 | 19:22
மேசை மேல்.