ஏன் முழந்தாளிடுகிறோம்

ஞாயிறு, இரவு

பூசைக்கு முன் மறைக்கல்வி வகுப்பில், நற்கருணை முன்னால் ஏன் முழந்தாளிடுகிறோம் என்று கேட்டேன். எட்டு வயது ஸ்டெல்லா கை தூக்கினாள்.

"தப்பு பண்ணதுக்கு, டீச்சர். அழுகை நிக்கிற வரைக்கும் எழுந்துக்கக் கூடாது."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். இரண்டு முட்டியிலும் புண்.

"அப்பா கல்லுப்பு மேல முட்டி போட வைப்பாரு."

அவள் அப்பாதான் எங்கள் கோயிலில் பைபிள் வாசகம் படிப்பவர். பூசையில் சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்த, மணி அடித்தது. எனக்கு முன்வரிசையில் அவர் கண்மூடி முழந்தாளிட்டிருந்தார். எனக்குக் கால் மடங்கவில்லை. கோயிலே குனிந்திருக்க நான் மட்டும் நின்றேன்.

பூசை முடிந்து வெளியே ஸ்டெல்லாவின் அம்மாவிடம் கேட்டேன்.

"அவரு கொஞ்சம் கண்டிப்பு, டீச்சர். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அப்புறம் எனக்கும் சேர்த்துக் கிடைக்கும்."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். சாயங்காலம் குழந்தைகள் உதவி எண்ணுக்கு போன் செய்து, அவர்களுடைய முடிச்சூர் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். காலையில் வருகிறார்களாம்.

அந்த அம்மாவுக்கு இன்னும் தெரியாது.